பதினொரு மணிக்கு எழுந்து போகிறவள்

நான்காவது மாடியைத் துடைக்கிற அக்காவின் விரல்களில் ரேகை கிடையாது. பிறக்கும்போது இருந்ததுதான். பன்னிரண்டு வருஷமாகக் கழிப்பறைக்கு ஊற்றுகிற மருந்து அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. ஆபீஸ் வாசலில் விரல் வைக்கிற மெஷின் வரும்வரை அது ஒரு குறையாகவே அவளுக்குத் தெரியவில்லை. மெஷின் வந்த நாளிலிருந்து அவள் தினமும் வேலைக்கு வந்தாள். தினமும் வரவில்லை என்று பதிவானது. கட்டைவிரலை வைத்தாள், ஆள்காட்டி விரலை வைத்தாள், துணியில் துடைத்துவிட்டு வைத்தாள், கடவுளை வேண்டிக்கொண்டும் வைத்தாள். மெஷின் மசியவில்லை. சூப்பர்வைசரிடம் போய்ச் சொன்னால், மெஷின் பொய் சொல்லுமா என்று கேட்டார். வாளியும் துடைப்பமுமாகக் கண் முன்னால் நிற்கிற ஆளைவிட அவருக்கு அந்த மெஷின் மேல்தான் நம்பிக்கை.

பத்தாம் நாள் வாசல் காவலாளி அவளிடம் ஓர் அட்டையைக் கொடுத்தார். இனி விரல் வேண்டாம், இதைக் காட்டினால் போதும் என்றார். விட்டுப்போன நாட்களையும் சரி செய்திருந்தார்கள். யார் செய்தது என்று கேட்டதற்கு அவர் மேலே கையைக் காட்டினார். ஆண்டவனைச் சொல்கிறார் என்று நினைத்து அக்கா அங்கேயே கும்பிட்டுவிட்டு வேலைக்குப் போனாள். மூன்று வாரம் கழித்துத்தான் தெரிந்தது, அவர் காட்டியது நான்காவது மாடியை.

அங்கே ஜன்னலோரம் மூன்றாவது மேஜையில் உட்கார்ந்து புரோகிராம் எழுதுகிற பெண், அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. சாப்பாட்டு நேரத்தில் நாலு நாள் கீழே இறங்கி, கால் வீங்க நின்று, யார் யாருக்கோ எழுதிப் போட்டு அந்த அட்டையை வாங்கியிருக்கிறாள். அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. விஷயம் தெரிந்து நன்றி சொல்லப் போனபோது, "எந்த அட்டை?" என்று கேட்டுவிட்டுக் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டாள். அன்றிலிருந்து அக்காவின் காலை வேண்டுதலில் இரண்டு பேர் கூடிப்போனார்கள்: அவளும், அவள் வயிற்றில் இருந்ததும்.

ஆண் குழந்தை பிறந்தது. நாலு மாதம் கழித்து அவள் திரும்பி வந்தாள். வந்த ஒரு வாரத்தில் அந்த மாடிக்காரர்கள் அவளுக்குப் 'பதினொரு மணி' என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். பெயர் வைப்பதில் மட்டும் அவர்களுக்கு எந்தத் தாமதமும் கிடையாது.

காரணம் இதுதான். குழந்தைக்கு டப்பாப் பால் ஒத்துக்கொள்ளவில்லை. வாயாலும் போனது, வயிற்றாலும் போனது. தாய்ப்பால்தான் என்று டாக்டர் முடிவாகச் சொல்லிவிட்டார். அதனால் காலை பதினொரு மணிக்கு ஒரு தடவை, பிற்பகல் மூன்று மணிக்கு ஒரு தடவை, பால் எடுக்கிற கையடக்கமான ஒரு மெஷினை எடுத்துக்கொண்டு அவள் எழுந்து போவாள். எடுத்த பாலைச் சின்ன டப்பாவில் ஊற்றி, ஆபீஸ் பிரிட்ஜில் வைத்து, மாலையில் வீட்டுக்கு எடுத்துப் போவாள். மறுநாள் பையன் அதைக் குடிப்பான். ஒரு வேளை தவறினால் மார்பு கல்லாகக் கட்டிக்கொண்டு காய்ச்சல் வரும். நாலு வேளை தவறினால் பாலே குறைந்துவிடும். பையனைப் பார்த்துக்கொள்கிற மாமியார் மத்தியானம் போன் செய்தால் சுற்றி வளைக்க மாட்டார். நாளைக்கு இரண்டு டப்பாதான் இருக்கிறது, நீ என்ன செய்வாயோ ஏது செய்வாயோ என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார்.

இன்னொரு பக்கம், அந்த டீமுக்குத் தலைவர் இடம் காலியாக இருந்தது. பத்து வருஷம் அந்த ஆபீஸில் உழைத்தவள் அவள். அவளுக்குப் பிறகு வந்த பையன்கள் தங்கள் புரோகிராம் ஓடாமல் முழித்துக்கொண்டு நின்றால் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அவள் வந்து நாலு தட்டுத் தட்டினால் ஓடும். நீ பிள்ளை பெற்றுத் திரும்பி வா, அந்த இடம் உனக்குத்தான் என்று மேனேஜரே வாயால் சொல்லியிருந்தார். வந்த பிறகு, பார்க்கலாம் என்றார். பால் நிற்காமல் இருக்க வேண்டும், அந்த இடமும் கிடைக்க வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

மேனேஜர் நல்லவர். அப்படித்தான் அவரே சொல்லிக்கொள்வார். வாய்க்கு வாய் நாம் எல்லோரும் ஒரு குடும்பம் என்பார். அந்தக் குடும்பத்தில் குழந்தை பிறந்தது மட்டும் அவருக்கு இடைஞ்சலாக இருந்தது.

தாய்மார் அறை என்று ஒன்று அந்த மாடியில் இருக்கத்தான் செய்தது. மேனேஜர்தான் ரிப்பன் வெட்டித் திறந்து வைத்தார். எட்டு ஆண்கள் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். படம் எடுத்து முடிந்ததும் உள்ளே கால் உடைந்த நாற்காலிகளையும் பழைய தட்டிகளையும் அடுக்கிவிட்டார்கள். அக்காதான் ஒரு மூலையை ஒழித்து, ஆடாத நாற்காலி ஒன்றைப் பொறுக்கிப் போட்டுக் கொடுத்தாள். கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. அந்தப் பெண் எழுதிக் கேட்டதற்கு, பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் வந்தது. பல லட்சம் பேர் உபயோகிக்கிற புரோகிராமை எழுதுகிற இடத்தில், ஒரு தாழ்ப்பாளைத் திருகி வைக்க ஆள் இல்லை. கதவில் மட்டும் பெரிய எழுத்தில் 'ஆண்களுக்கு அனுமதி இல்லை' என்று ஒட்டி, கீழே மேனேஜர் கையெழுத்துப் போட்டிருந்தார்.

எனவே பதினொரு மணியானால் அக்கா வாளியை எடுத்துக்கொண்டு அந்தக் கதவுக்கு முன்னால் போய்த் தரையைத் துடைப்பாள். துடைத்த இடத்தையே திரும்பத் துடைப்பாள். அந்தப் பெண் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தாள். அக்கா கேட்கவில்லை. அவளும் ஒரு காலத்தில் கைக்குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு வேலைக்கு வந்தவள்தான். சட்டை நனைந்தால், வாளித் தண்ணீர் தெறித்துவிட்டது என்று எல்லோரிடமும் பொய் சொன்னவள். அந்தப் பொய்யைக் கடவுள் எப்போதோ மன்னித்திருப்பார். அதைச் சொல்ல வைத்தவர்களை என்ன செய்தாரோ தெரியாது.

பிரிட்ஜ் விஷயமும் உண்டு. ஒரு நாள் பால் டப்பாவின் மேல் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. டீக்குப் பால் தீர்ந்துவிட்டது, கொஞ்சம் கடன் கிடைக்குமா என்று எழுதியிருந்தது. எழுதியவன் பெரிய படிப்புப் படித்தவன். அதற்குச் சுற்றி நின்று சிரித்தவர்களும் படித்தவர்கள்தான். அந்தப் பெண் சீட்டைக் கிழித்துப் போடவில்லை. அதன் அடியிலேயே, 'உன் அம்மாவிடம் கேட்டுப் பார்த்தாயா?' என்று எழுதி வைத்துவிட்டுப் போனாள். மறுநாள் சீட்டு காணாமல் போயிருந்தது.

ஆனால் உண்மையான வம்பு சீட்டில் இல்லை, மீட்டிங்கில் இருந்தது. தினமும் அந்த டீம் ஒரு மூலையில் வட்டமாக நின்றுகொண்டு பேசும். உட்கார்ந்தால் பேச்சு நீளும் என்று நிற்கிறார்களாம். அப்படி நின்றே முக்கால் மணி நேரம் பேசுவார்கள். அதற்கு ஒரு சட்டம் வைத்திருந்தார்கள்: அங்கே நின்று சொன்னதுதான் கணக்கு. எழுதி அனுப்பினாலும் சரி, பிறகு வந்து சொன்னாலும் சரி, அது சொன்னதாகாது. அவள் பிள்ளை பெறப் போவதற்கு முன்னால் அந்த மீட்டிங் பத்து மணிக்கு நடந்தது. திரும்பி வந்தபோது பதினொரு மணிக்கு மாறியிருந்தது. மேனேஜர் காலையில் உடற்பயிற்சிக்குப் போக ஆரம்பித்திருந்தார்.

அவள் கேட்டாள். பக்கத்து மேஜையில் குப்பைக் கூடையைக் காலி செய்துகொண்டிருந்த அக்காவின் காதில் அது விழுந்தது.

"மீட்டிங்க பத்தேகாலுக்கு வச்சா எனக்குச் சௌகரியமா இருக்கும் சார்."

"உனக்கு ஒருத்திக்காகப் பதினொரு பேரை மாறச் சொல்றியாம்மா?"

"போன மாசம் மேட்ச் பாக்கறதுக்காக நாலு நாள் மாத்தினோமே சார்."

"அது வேற. அது டீமோட ஒத்துமைக்கு."

அவள் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டாள். அக்காவுக்குத்தான் கூடையை அவர் தலையில் கவிழ்க்கலாம் போலிருந்தது. அப்படி நினைத்ததற்காக அன்று ராத்திரி கடவுளிடம் மன்னிப்பும் கேட்டுக்கொண்டாள்.

அந்த டீம் அப்போது என்ன செய்துகொண்டிருந்தது தெரியுமா? பிள்ளை பெற்ற தாய்மாருக்குப் போனில் ஓர் ஆப் செய்துகொண்டிருந்தது. எப்போது பால் கொடுக்க வேண்டும், எப்போது தடுப்பூசி போட வேண்டும் என்று அது ஞாபகப்படுத்துமாம். ஓர் ஆஸ்பத்திரியில் அதை வாங்குவதாக இருந்தார்கள். அதைச் செய்கிற பன்னிரண்டு பேரில் பிள்ளை பெற்றவள் ஒருத்தி. அவள் பால் எடுக்கப் போகிற நேரமாகப் பார்த்து, பால் கொடுப்பது எப்படி என்று மீதிப் பதினொரு பேரும் நின்றுகொண்டு தீர்மானித்தார்கள்.

அப்படித் தீர்மானித்ததில் ஒன்று இது. பால் கொடுக்கிற நேரம் வந்தால் போன் குழந்தை போல அழும். அது மேனேஜரின் சொந்த யோசனை. 'தொடங்கு' என்று அமுக்கினால் அழுகை நிற்கும், பத்து நிமிஷம் எண்ணும். அதற்குள் எதையாவது அமுக்கினால், 'குழந்தைக்கு இன்னும் பசிக்கிறது' என்று காட்டிவிட்டு மறுபடி அழும். தாய்மார் ஏமாற்றிவிடக் கூடாதாம். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தால் என்ன செய்வது, 'அப்புறம்' என்று ஒரு பொத்தான் வையுங்கள் என்று அவள் மூன்று தடவை எழுதி அனுப்பினாள். நின்று சொல்லவில்லையே என்று மூன்று தடவையும் தள்ளிவிட்டார்கள்.

ஆஸ்பத்திரிக்காரர்கள் பார்க்க வருகிற நாள் வந்தது. அன்று எல்லாம் நல்லபடியாக முடிந்தால் அந்தத் தலைவர் இடத்தை அன்றே சொல்லிவிடுவதாக மேனேஜர் அறிவித்திருந்தார். அவர்கள் பத்து மணிக்கு வருவதாக இருந்தது. பத்தே முக்காலுக்குத்தான் வந்தார்கள். நரைத்த தலையோடு ஒரு பெரிய டாக்டரம்மாவும், கூட நாலு பேரும். அந்தப் பெண் வந்தவர்களுக்கு வணக்கம் சொல்லிவிட்டு, பதினொரு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது மெஷினை எடுத்துக்கொண்டு எழுந்தாள். இன்றைக்கு ஒரு நாளாவது இருக்கக் கூடாதா என்று மேனேஜர் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். இது நாள் பார்த்து வராது சார் என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். அக்கா வாளியோடு பின்னாலேயே போனாள்.  இன்றைக்கு அந்த இடம் அவள் கையை விட்டுப் போய்விடும் என்று அக்காவுக்குத் தோன்றியது. இருந்தாலும் போகாதே என்று சொல்ல வாய் வரவில்லை.

கூடத்தில் நாற்பது போன்களில் அந்த ஆப்பைப் போட்டு வைத்திருந்தார்கள். சுவரில் ஒரு பெரிய திரை. எத்தனை போன் ஓடுகிறது என்று அதில் எண் தெரியும். நாற்பது என்று பளபளத்துக்கொண்டிருந்தது. போனுக்கு ஒரு குழந்தையாக நாற்பது குழந்தைகளை எழுதி வைத்திருக்க வேண்டும். அதற்குச் சோம்பல்பட்டு, ஒரு குழந்தையை எழுதி, அதையே நாற்பதிலும் போட்டுவிட்டார்கள். ஒரே பெயர், ஒரே பிறந்த நேரம், ஒரே பசி.

பதினொன்று அடித்தது. நாற்பது போனும் ஒன்றாக வீறிட்டு அழுதன.

முதலில் எல்லோரும் சிரித்தார்கள். மேனேஜரும் பெருமையாகச் சிரித்தார். பிறகு ஆளுக்கு மூன்று நாலாக எடுத்து 'தொடங்கு' என்று அமுக்கினார்கள். அழுகை நின்றது. நின்றதே போதும் என்று விட்டிருக்கலாம். பொறுமை இருந்தால்தானே. ஆளாளுக்கு எதையோ அமுக்க, 'குழந்தைக்கு இன்னும் பசிக்கிறது' என்று நாற்பதும் மறுபடி ஆரம்பித்தன. மறுபடி அமுக்கினார்கள், மறுபடி அழுதது. மீசை வைத்த ஆண்பிள்ளைகள் கையில் போனை வைத்துக்கொண்டு, கீழே போடவும் தெரியாமல், தூக்கி வைத்திருக்கவும் தெரியாமல் கூடம் முழுக்க நடந்தார்கள். ஒருவன் போனைத் தோளில் சாய்த்துத் தட்டிக்கூடக் கொடுத்தான். போனை அணைத்துவிட்டால் எல்லாம் முடிந்திருக்கும். ஆனால் அணைத்தால் சுவரில் நாற்பது என்கிற எண் குறைந்துவிடுமாம். யாரும் அணைக்கக் கூடாது என்று மேனேஜர் முன்னாலேயே உத்தரவு போட்டிருந்தார். குழந்தை கத்தினாலும் பரவாயில்லை, எண் குறையக் கூடாது. அந்த ஆபீஸின் புத்தி முழுவதும் அந்த ஓர் உத்தரவில் இருந்தது.

மேனேஜர் ஓட்டமும் நடையுமாகத் தாய்மார் அறைக்கு வந்தார். அக்கா குறுக்கே நின்றாள்.

"உள்ள ஆள் இருக்குங்க சார்."

"தெரியும். அவங்கதான் வேணும். நகரு."

"ஆம்பளைங்க போகக் கூடாதுன்னு எழுதியிருக்குங்க."

"எவன் எழுதினது?"

அக்காவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். கதவைத் திரும்பிப் பார்த்து, ஒவ்வொரு எழுத்தாகச் சிரமப்பட்டுப் படித்தாள். "கீழ உங்க கையெழுத்துதாங்க சார் இருக்கு."

 அவர் கதவுக்கு வெளியே நின்றபடியே சத்தம் போட்டு, போன்கள் அழுவதை எப்படி நிறுத்துவது என்று கேட்டார். உள்ளே இருந்து பதில் நிதானமாக வந்தது.

"தொடங்குன்னு அமுக்கிட்டு பத்து நிமிஷம் சும்மா இருக்கணும் சார். நடுவுல தொட்டா முதல்ல இருந்து ஆரம்பிக்கும்."

"பத்து நிமிஷமா? வந்தவங்க உக்காந்திருக்காங்கம்மா. நீ வந்து நிறுத்து."

"எனக்கும் இங்க பத்து நிமிஷம் ஆகும் சார். நடுவுல விட்டா நானும் முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்."

அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு தரையைப் பார்த்தாள். மேனேஜருக்குப் பின்னால் டாக்டரம்மா வந்து நிற்பதை அப்போதுதான் இருவரும் கவனித்தார்கள். அந்த அம்மா கதவில் எழுதியிருந்ததைப் படித்தார். உள்ளே மெஷின் ஓடுகிற சத்தத்தைக் கேட்டார். அவங்க முடிச்சிட்டு வரட்டும், அதுவரை நான் இங்கேயே நிற்கிறேன் என்றார். நின்றார். மேனேஜரும் நிற்க வேண்டியதாயிற்று. அந்த மாடியில் எத்தனையோ தடவை நின்றபடி கூட்டம் நடந்திருக்கிறது. அன்று ஒரு தடவைதான் அதனால் உபயோகம் இருந்தது.

அவள் வெளியே வந்தாள். டப்பாவைப் பிரிட்ஜில் வைத்தாள், கையைக் கழுவினாள், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். 'அப்புறம்' என்கிற பொத்தானை எப்போதோ செய்து தயாராக வைத்திருந்தாள். அதைச் சேர்க்க அவளுக்குக் கால் மணி நேரம் ஆனது. டாக்டரம்மா ஒரு தடவை அமுக்கிப் பார்த்தார். இதை வாங்கிக்கொள்கிறோம் என்றார். எல்லோரும் கைதட்டினார்கள், மேனேஜர் கையைக் குலுக்கினார்கள்.

அந்த இடம் இனி அவளுக்குத்தான் என்று அக்கா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கண்ணை மூடி நன்றி சொன்னாள். கடவுளைக் குறை சொல்வதற்கில்லை. அவர் தன் பங்கைச் செய்துவிட்டார். ஆனால் அந்த மாடிக்குள் அவரும் அடையாள அட்டை இல்லாமல் நுழைய முடியாது போலிருக்கிறது.

சாயங்காலம் கேக் வந்தது. எல்லோரையும் கூட்டி வைத்து மேனேஜர் பேசினார். தலைவர் இடத்தை, போனைத் தோளில் போட்டுத் தட்டிய பையனுக்குக் கொடுத்தார். நெருக்கடியில் பதறாமல் நின்றானாம். அந்தப் பெண்ணுக்கு ஒரு பளபளக்கிற கோப்பை; 'சிறந்த தாய்' என்று பொறித்தது. அந்த இடம் ஏன் தனக்கு இல்லை என்று அவள் கேட்டதற்கு, முக்கியமான நேரத்தில் நீ இடத்தில் இல்லையே அம்மா என்று மெதுவாக, அன்பாகச் சொன்னார். கேக்கில் ஓரத்துத் துண்டு ஒன்றை யாரோ அக்காவிடம் நீட்டினார்கள். அவள் வாங்கினாள், தின்னவில்லை.

மறுநாள் அந்தப் பெண் வேலையை விட்டுவிடுவதாக எழுதிக் கொடுத்தாள். புது இடம் ஒன்றைத் தேடிக்கொண்டாள். சின்ன ஆபீஸ், தலைவர் இடமெல்லாம் இல்லை, இங்கே பத்து வருஷத்தில் ஏறிய படிகளில் பாதியை இறங்கித்தான் போக வேண்டும். அங்கே அவர்கள் கேள்வி கேட்பதற்கு முன்னால் இவள் ஒரு கேள்வி கேட்டிருக்கிறாள், பதினொரு மணிக்கு இங்கே என்ன நடக்கும் என்று. அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, ஒண்ணும் நடக்காதே என்றார்களாம். அதைக் கேட்டு இவள் சரி என்றுவிட்டாள்.

போகிறவர்களுக்கு ஒரு படிவம் கொடுப்பது வழக்கம். தாய்மார் அறைக்கு ஐந்து நட்சத்திரத்தில் எத்தனை தருவீர்கள் என்று அதில் ஒரு கேள்வி. அவள் அதை வெறுமையாக விட்டாள். ஆட்களைக் கவனிக்கிற மேடம் அவள் கண் முன்னாலேயே நாலு நட்சத்திரத்தை நிரப்பிக்கொண்டார். மேனேஜர் வந்து, எப்போது வேண்டுமானாலும் திரும்பி வரலாம், நாம் ஒரு குடும்பம் என்றார். அவள் தலையை ஆட்டினாள். பத்து வருஷத்தில் அதற்கு மேல் பதில் சொல்ல அவளிடம் பொறுமை மிஞ்சவில்லை.

கடைசி நாள் மத்தியானம் அக்கா அவள் மேஜையைத் துடைக்கப் போனபோது கோப்பை குப்பைக் கூடையில் கிடந்தது. தவறி விழுந்திருக்கும் என்று எடுத்து நீட்டினாள்.

"கழிப்பறை பிரஷ் வைக்க ஆகுமான்னு பாருங்க அக்கா," என்றாள் அவள். "உயரம் சரியா இருக்கும்."

அக்காவுக்குச் சிரிப்பும் வந்தது, பயமாகவும் இருந்தது. ஆனால் வைத்துப் பார்த்தாள். உயரம் சரியாகத்தான் இருந்தது.

லிஃப்ட் வரைக்கும் கூடப் போனாள்.  நல்லா இரு கண்ணு, கடவுள் உன் பிள்ளைக்கு ஆயுசைக் கொடுக்கட்டும் என்றாள். அந்தப் பெண் பையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். லிஃப்ட் கதவு திறந்தது.

"அழுதுக்கிட்டே போவேன்னு நெனச்சேன் அக்கா. பாத்தா பசிதான் எடுக்குது. வீட்டுக்குப் போய் அவனுக்கும் குடுக்கணும், நானும் சாப்பிடணும். மணி ரெண்டாகுது, நீங்களும் போய்ச் சாப்பிடுங்க. தரை எங்கயும் ஓடிப் போயிடாது."